புதிய ஆல்பத்தை முதல் நாளில் கேட்பது எப்படி, கேட்ட பரவசத்தை எழுதுவது எப்படி: 'கவ்பாய் கார்ட்டர்' ரசிகை ஒருத்தியின் வழிகாட்டி

நமக்குப் பிடித்த பாடகியின் புதிய ஆல்பத்தைக் கேட்டு முடித்த கையோடு எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் "வேற லெவல்", "புல்லரித்துவிட்டது", "அழுதுவிட்டேன்" என்ற மூன்றைத் தாண்டி எதுவும் வருவதில்லை. மூன்றும் பொய்யில்லை. ஆனால் அவற்றை வாசிக்கிறவருக்கு அந்த ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. அடுத்த மாதம் வேறொருவரின் ஆல்பத்துக்கும் அதே மூன்றையும் அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம். நம் பரவசத்தை இன்னொருவர் நம்ப வேண்டுமானால், அது எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எந்த ஒலி காதில் விழுந்தபோது வந்தது என்று சுட்டிக்காட்டியாக வேண்டும். அந்த இடத்தைப் பிடிப்பது கேட்கும்போதே நடக்கிற காரியம் என்பதால், இந்த வழிகாட்டியில் எழுதுவதைவிடக் கேட்பதைப் பற்றியே அதிகம் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பாடகி பியான்சே 2024 மார்ச் 29 அன்று வெளியிட்ட 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தை வைத்துக்கொள்கிறேன். நான் அவருடைய ரசிகை. நடுநிலையாளர் வேடம் போடப் போவதில்லை. அது தவிர, 27 ட்ராக்குகளோடு ஏறத்தாழ 78 நிமிடங்கள் ஓடும் இந்த ஆல்பம், அவசரமாகக் கேட்பவரிடம் பாதியைக்கூடக் காட்டாது.

கேட்கும் முன்

புதிய ஆல்பங்கள் உலகெங்கும் வெள்ளிக்கிழமைகளில் வெளிவருவது 2015 ஜூலை முதல் வழக்கமாகிவிட்டது. ஆகவே அலுவலகம், கல்லூரி, பயணம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நாம் கேட்க நேர்கிறது. 'கவ்பாய் கார்ட்டர்' வந்த வெள்ளி புனித வெள்ளியாக அமைந்து விடுமுறையும் கிடைத்தது. அப்படிக் கிடைத்ததையும் நான் கெடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போகும் பேருந்தில் பொறுமையில்லாமல் கைப்பேசியில் போட்டுவிட்டேன். பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. நான்காவதோ ஐந்தாவதோ ஒரு வயதான பெண்மணியின் குரல் அரை நிமிடத்துக்கும் குறைவாக ஏதோ சொல்லிவிட்டு நின்றது; அடுத்து அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆட்டப்பாட்டு தொடங்கியது. வண்டி இரைச்சலில் சரியாகக் காதில் விழாததால் ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். பேசியவர் 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையின் மூத்த பாடகி டாலி பார்ட்டன் என்பதும், அது அடுத்து வரவேண்டிய பாட்டுக்கு அவர் எடுத்துக்கொடுத்த அடி என்பதும் இரவு வீட்டில் வரிசையாகக் கேட்டபோதுதான் உறைத்தன.

எனவே முதலில் ஷஃபிளை அணையுங்கள். 2021-இல் பிரிட்டன் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன் பேரில் பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை, ஆல்பப் பக்கத்தில் முதன்மைப் பொத்தானாக இருந்த ஷஃபிளை எடுத்துவிட்டு, வரிசைப்படி ஒலிக்கும்படி மாற்றியது. பாடல்களை அடுக்கும் வரிசை பாடகர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்த ஒரு மாற்றமே போதும். ஆனாலும் நாம் வேறெங்கோ அழுத்திவைத்த ஷஃபிள் அப்படியே தொடரக்கூடும். அடுத்து, அமைப்புகளுக்குள் போய் கிராஸ்ஃபேடை சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அது இருந்தால் ஒரு பாட்டின் வால் மறு பாட்டின் தலையில் ஏறி, கலைஞர் வேண்டுமென்றே விட்ட மௌனம் காணாமல் போய்விடும். சந்தா இல்லாத கணக்கில் இடையிடையே விளம்பரம் வரும் என்பதால், அந்த ஒரு நாளைக்காவது சந்தா வைத்திருக்கும் நண்பரின் தயவை நாடலாம். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அமைதியான அறையே பாதி ஹெட்ஃபோன்.

அன்றைக்கு வாட்ஸ்ஆப் குழுக்களுக்குள் போக வேண்டாம். "எட்டாவது பாட்டைக் கேட்டீர்களா?" என்று ஒருவர் சொல்லிவிட்டால், முதல் ஏழு பாட்டும் எட்டாவதற்கான காத்திருப்பாக மாறிவிடும்.

முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்: கலைஞர் இதற்கு முன் என்ன செய்தார், இந்த ஆல்பத்தைப் பற்றித் தாமே என்ன சொன்னார், எந்தப் பாடல்கள் முன்பே வந்துவிட்டன. இங்கே எடுத்துக்கொண்டால், 2022-இல் வந்த 'ரெனேசான்ஸ்' ஒரு மூன்று அங்கத் திட்டத்தின் முதல் அங்கம். அது முழுக்க நடன இசை. 'கவ்பாய் கார்ட்டர்' இரண்டாம் அங்கம். பல பாடல்களின் தலைப்பில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இரட்டித்து வருவது எழுத்துப்பிழை அன்று. அது ரோமன் எண் இரண்டு. அமெரிக்காவில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி நடந்த 2024 பிப்ரவரி 11 இரவே 'டெக்சஸ் ஹோல்டெம்', 'சிக்ஸ்டீன் கேரேஜஸ்' ஆகிய இரு பாடல்கள் வந்துவிட்டன. வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பு, பல ஆண்டுகளுக்கு முன் தாம் வரவேற்கப்படவில்லை என்று உணர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து இந்த ஆல்பம் பிறந்தது என்றும், இது கன்ட்ரி ஆல்பம் அன்று, பியான்சே ஆல்பம் என்றும் அவர் எழுதினார். எந்த நிகழ்வு என்று அவர் பெயர் சொல்லவில்லை. 2016 நவம்பரில் நாஷ்வில்லில் நடந்த கன்ட்ரி இசை விருது விழாவில் அவர் பாடியதும், கறுப்பினப் பாப் பாடகிக்கு அங்கே என்ன வேலை என்கிற தொனியில் எழுந்த வசவுகளும் ரசிகர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தன. இவ்வளவு போதும். மற்றதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு தேடிக்கொள்ளலாம்.

முதல் முறை: ட்ராக் எண்ணும் ஒரு சொல்லும்

முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைத் திரையில் ஓடவிடாதீர்கள். கண் வாசிக்கத் தொடங்கினால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். நமக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, காது எங்கே நிமிர்கிறதோ அங்கே ட்ராக் எண்ணையும் ஒரே ஒரு சொல்லையும் மட்டும் குறியுங்கள். வாக்கியம் எழுத ஆரம்பித்தால் அடுத்த இருபது நொடிகள் கைநழுவிப் போகும்.

என் தாளில் அன்று இருந்தவற்றுள் சில: "2, டிக் டிக்?" "4, குழந்தை." "6, ரேடியோ திருகல்." "10, கெஞ்சலே இல்லையே?" "11, இத்தாலியனா?!" "12, யார் இந்தப் பாட்டி?" "27, இது முன்னாடியே கேட்டது." பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். ஆனால் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு பத்தியும் இந்தச் சீட்டிலிருந்துதான் வந்தது.

இடையில் ஒரு சொல். திரைப்பாடல்களில் வளர்ந்த நமக்கு 'ஆல்பம்' என்றால் ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு காட்சியோடு கட்டப்பட்டிருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இசைவழிப் பாலம் தேவைப்படுவதில்லை. பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. இந்த மாதிரி ஆல்பத்தில் படம், பாட்டு, பின்னணி இசை எல்லாமே ஒலிதான். ஆகவே ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டுகளையும் தாண்டாமல் கேளுங்கள். படத்தில் வசனக் காட்சிகள் செய்யும் வேலையை இங்கே அந்தத் துண்டுகள் செய்கின்றன.

குறிப்புகளைத் துரத்துவது

கேட்டு முடித்ததும் எழுதிவிடாதீர்கள். சீட்டில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு கேள்வி. அதற்குப் பதில் தேடுங்கள். செயலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் கிரெடிட்ஸ் வரும். யார் எழுதினார், யார் பாடினார் என்பவை அங்கேயே கிடைக்கும்; சில செயலிகளில் யார் எந்தக் கருவி வாசித்தார் என்பதும் இருக்கும். பெரும்பாலான ரசிகர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

என் "டிக் டிக்" இப்படித்தான் திறந்தது. இரண்டாவது ட்ராக், பீட்டில்ஸ் குழு 1968-இல் வெளியிட்ட 'பிளாக்பேர்ட்' பாட்டின் மறுஆக்கம். அந்த டிக் டிக், பால் மெக்கார்ட்னி அன்றைய ஒலிப்பதிவில் கிட்டார் வாசித்துக்கொண்டே தரையில் தட்டிய காலின் சத்தம். பியான்சே அந்தப் பழைய கிட்டாரையும் கால் தட்டலையும் அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் பாடியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை மனத்தில் வைத்து எழுதியது என்று மெக்கார்ட்னி பலமுறை சொல்லியிருக்கும் பாட்டு அது. அதில் பியான்சேவோடு சேர்ந்து பாடும் டேனர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியேரா கென்னடி, ரெய்னா ராபர்ட்ஸ் ஆகிய நால்வரும் கன்ட்ரி இசைத்துறையில் இடம்பிடிக்கப் போராடிக்கொண்டிருந்த கறுப்பினப் பாடகிகள். இத்தனையும் தெரிந்த பிறகு மறுபடி கேட்டபோது, ஐந்து பெண்குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் தடவை எனக்குக் கேட்டது டிக் டிக் மட்டுமே.

ஆறாவது ட்ராக்கில் யாரோ ரேடியோவின் அலைவரிசையைத் திருகுகிறார்கள். கரகரப்புக்கு நடுவே சன் ஹவுஸ், சிஸ்டர் ரோசெட்டா தார்ப், சக் பெர்ரி என்று கறுப்பினக் கலைஞர்களின் பழைய குரல்கள் வந்து வந்து போகின்றன. கடைசியில் அப்போது 90 வயதிலிருந்த கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன், டெக்சஸின் ஒரு கற்பனை வானொலி நிலையத்தின் அறிவிப்பாளராகச் சாவகாசமாகப் பேச்சைத் தொடங்குகிறார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தத் துண்டில் அமெரிக்க இசை எங்கிருந்து கிளம்பியது என்ற வாதம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அதை ஒட்டி வரும் 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டின் பான்ஜோவை வாசித்தவர் ரியானன் கிடென்ஸ். பான்ஜோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த கருவி என்பதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவருபவர் அவர். அவரைத் தேர்ந்ததே ஒரு பதில்தான்.

"யார் இந்தப் பாட்டி?" என்ற கேள்விக்குரியவர் லிண்டா மார்ட்டெல். இசை வகைமை என்பது எளிதாக வரையறுக்கக்கூடியதாகத் தோன்றினாலும் சிலருக்கு அது அடைப்பாக இருக்கும் என்ற பொருளில், ஒரு கிண்டல் சிரிப்போடு அவர் பேசுகிறார். 1969-இல் கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற மேடையான நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரியில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1970-இல் ஒரே ஒரு ஆல்பம் வெளியிட்டார், அதன்பின் அந்தத் துறை அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. இது தெரியாதவருக்கு அது வெறும் முன்னுரைப் பேச்சு. தெரிந்தால், அந்தச் சிரிப்பு வேறு மாதிரிக் கேட்கும்.

எல்லாக் குறிப்பும் இப்படிப் பெரிய கதையாக விரியாது. "குழந்தை" என்பது பியான்சேவின் மகள் ரூமி, தாலாட்டுக் கேட்பது, அவ்வளவுதான். "இத்தாலியன்" என்பது 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'காரோ மியோ பென்' என்ற பாடல். பழிவாங்கும் வெறியைப் பற்றிய ஒரு பாட்டின் நடுவே அதை ஏன் வைத்தார் என்று எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை, ஆனால் குரல் அங்கே ஏறும் உயரத்தைக் கேட்டபின் காரணம் கேட்கத் தோன்றவில்லை.

வரிகளை எப்போது வாசிப்பது

இரண்டாம் முறை கேட்கும்போது வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மறுஆக்கப் பாட்டு எதுவானாலும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இந்த ஒரு வேலையே பாதிக் கட்டுரையை எழுதிக்கொடுத்துவிடும். 'ஜோலீன்' டாலி பார்ட்டனின் 1973-ஆம் ஆண்டுப் பாட்டு. அதில் பாடுகிறவள், தன்னைவிட அழகியான ஜோலீனிடம், உன்னால் முடியும் என்பதற்காக என்னவனைப் பறித்துக்கொள்ளாதே என்று மன்றாடுகிறாள். பியான்சே மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை மாற்றிவிட்டார். இவள் மன்றாடவில்லை, எச்சரிக்கிறாள். என் "கெஞ்சலே இல்லையே?" என்ற குறிப்பு சொல்லவந்தது இதைத்தான். இதற்கு முன்னால் வரும் துண்டில், 2016-ஆம் ஆண்டின் 'லெமனேட்' ஆல்பத்தில் கணவனை மயக்கியவளாகப் பியான்சே பாடிய அந்தக் கூந்தலழகி, தமக்குத் தெரிந்த செங்கூந்தல்காரி ஒருத்தியை (ஜோலீனைத்தான்) நினைவூட்டுகிறாள் என்று டாலியே குறும்பாகச் சொல்லிவைக்கிறார். பாட்டின் சொந்தக்காரரே வாசலில் நின்று வழியனுப்புகிறார் என்றால், மாற்றத்துக்கு வேறு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? மூல வடிவின் அந்தப் பணிவுதான் பாட்டின் உயிர், அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று என் அக்கா கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். நான் எழுதியதில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

டாலியிலிருந்து இன்னொரு நூலும் கிளம்புகிறது. ஆல்பத்தில் கேட்கும் தாள ஒலிகளுள் பியான்சேவின் நகங்கள் எழுப்பும் சத்தமும் உண்டு என்று வெளியீட்டின்போதே தெரிவிக்கப்பட்டது. 1980-இல் டாலி பார்ட்டன் தம்முடைய 'நைன் டு ஃபைவ்' பாட்டில் ஒட்டு நகங்களை ஒன்றோடொன்று உரசித் தாளம் உண்டாக்கியது இசையுலகில் புகழ்பெற்ற செய்தி. இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த இரவில் நான் மேசையில் நகத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நகத்திலிருந்து எந்தத் தாளமும் வரவில்லை.

எழுதுவது

ஒரு இரவு கழியட்டும். பிறகு சீட்டை எடுத்து, மிகவும் வலுவான மூன்று குறிப்புகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். 27 பாட்டுக்கும் பாட்டுக்கொரு வரி என்று எழுதினால் அது விலைப்பட்டியல் ஆகிவிடும்.

கலைஞரின் வாழ்க்கை வரலாற்றோடு தொடங்காதீர்கள். ஹூஸ்டனில் 1981-இல் பிறந்தார் என்பது உங்கள் பரவசத்துக்கு எந்த வகையிலும் உதவாது. ஒலி கேட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். "பிளாக்பேர்ட் பாட்டு மனதை உருக்குகிறது" என்பதைவிட, "1968-இல் லண்டனில் ஒருவர் தரையில் தட்டிய காலுக்கு, 56 ஆண்டுகள் கழித்து ஐந்து கறுப்பினப் பெண்கள் சேர்ந்து குரல் கொடுக்கிறார்கள்" என்று எழுதினால், உருகுவதா வேண்டாமா என்பதை வாசிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

வரிகளை நீளமாக எடுத்துப் போட வேண்டாம்; பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, ஆங்கில வரிகள் நான்கு வந்துவிட்டால் நம் தமிழ் அவற்றுக்கு வெறும் இணைப்புக் கம்பியாகிவிடும். பான்ஜோ, ஸ்டீல் கிட்டார், ஹார்மனி போன்றவற்றுக்குக் கலைச்சொல் தேடி அலையவும் வேண்டாம். பான்ஜோவை பான்ஜோ என்றே எழுதி, அதன் ஒலி எப்படி இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

பிடிக்காததையும் எழுதுங்கள். பாடகர் போஸ்ட் மலோனோடு பியான்சே பாடிய ஜீன்ஸ் பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை. கேட்க இதமாக இருந்தும், சுற்றியுள்ள பாட்டுகளின் கனத்துக்கு முன் அது நிற்கவில்லை. கடைசிப் பகுதியில் நடனத் தாளம் மறுபடி தலைதூக்கும்போது ஆல்பம் ஒரு பத்து நிமிடம் குறைந்திருக்கலாமோ என்றும் பட்டது. இதை எழுதியபோது சக ரசிகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் ரசிகர் அல்லாத ஒரு தோழி, "ஜீன்ஸ் பாட்டு சரியில்லை என்று நீயே சொல்லிவிட்டதால் மற்றதை நம்பிக் கேட்டேன்" என்றாள்.

விருதுக் கணக்கையும் தரவரிசையையும் ஒரு வாக்கியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரி இசைச் சங்கத்தின் 2024 விருதுகளுக்கு இந்த ஆல்பம் ஒரு பரிந்துரைகூடப் பெறவில்லை என்பதும், 2025 பிப்ரவரி 2 அன்று கிராமி விழாவில் சிறந்த கன்ட்ரி ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆகிய இரண்டையும் வென்றது என்பதும் அடுத்தடுத்து வைத்தால் ருசியான செய்திகள்தாம். அதற்கு மேல் எண்களை அடுக்கத் தொடங்கினால் மற்ற பாடகிகளின் ரசிகர்களோடு சண்டை மூளுமே தவிர, எவரும் பாட்டைக் கேட்கப் போவதில்லை.

வினைல் தட்டு வாங்கிக் கேட்டு எழுதுபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: முதலில் வந்த வினைல் பதிப்பில் 'யா யா', லிண்டா மார்ட்டெல் பேசும் 'ஸ்பகெட்டி' உட்பட ஐந்து ட்ராக்குகள் இல்லை. எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்று குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் லிண்டா மார்ட்டெலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று யாராவது கேட்பார்கள்.

எழுதி முடித்ததை வெளியிடும் முன் இன்னொரு முறை ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். இந்த முறை கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல், முதல் பாட்டுக்குத் திரும்பும்படி ரிப்பீட் வைத்துவிடுங்கள். "27, இது முன்னாடியே கேட்டது" என்ற என் குறிப்பு அப்போதுதான் விளங்கியது. 'ஆமென்' பாட்டின் முடிவில், தொடக்கத்தில் 'அமெரிக்கன் ரெக்வியம்' பாட்டில் வந்த அதே அடுக்குக் குரல்கள் அதே வரிகளோடு திரும்பிவந்து நிற்கின்றன. முதல் ட்ராக் எங்கே ஆரம்பிக்கிறது என்று காதுக்குத் தையலே தெரிவதில்லை. நான் என் கட்டுரையின் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு, அந்த இடத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் மட்டும் எழுதினேன். அதற்குள் பிளாக்பேர்டின் டிக் டிக் மறுபடியும் தொடங்கியிருந்தது.